படுவான்கரைப் பிள்ளைக்கு முழுப் பங்கும் வேண்டும்: மட்டக்களப்பின் கல்வி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கிழக்கு மாகாணக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கும், மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, கல்குடா, பட்டிருப்பு ஆகிய ஐந்து வலயங்களின் கல்விப் பணிப்பாளர்களுக்கும், ஆரம்பப் பிரிவுச் சேவைக்கால ஆலோசகர்களுக்கும், அதிபர்களுக்கும்.

மதிப்புக்குரியீர்,

அடுத்த ஆண்டுக்கான நேரசூசியும் வருடத் திட்டமும் எழுதி முடிக்கப்படும் முன் இந்த மடல் உங்கள் கைக்கு வரவேண்டும் என்று விரும்பி எழுதுகிறேன். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறேன். நான் கேட்பது ஒன்றுதான். தரம் 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைக்குக் கலைத்திட்டம் எதையெல்லாம் தருவதாகச் சொல்கிறதோ, அதெல்லாம் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும்படி திட்டமிடுங்கள். தமிழும் கணிதமும் போலவே சித்திரம், பாட்டு, ஆட்டம், உடற்பயிற்சி, சுற்றாடல், இரண்டாம் மொழி எல்லாமே அதற்குரிய பங்கு. நேரம் மிஞ்சினால் பார்ப்போம் என்று அவற்றைத் தள்ளி வைக்கும் பழக்கம் எங்கள் பாடசாலைகளில் ஊறிப்போய்விட்டது.

கடதாசியில் எங்களுக்குக் குறையில்லை. 1997இல் அறிவிக்கப்பட்டு, 1999இல் நாடு முழுவதும் தரம் 1இல் தொடங்கிய சீர்திருத்தம் ஆரம்பக் கல்வியை மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்தது. தரம் 1, 2இல் விளையாட்டுக்கு முதலிடம். தரம் 3, 4இல் விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை மூன்றும் ஏறக்குறையச் சமம். தரம் 5இல்தான் எழுத்து வேலை கூடுகிறது. எல்லாவற்றையும் இணைக்கும் முதுகெலும்பாகச் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் வைக்கப்பட்டன. நல்ல திட்டம். அதை எழுதியவர்களுக்குப் பிள்ளைகளைத் தெரிந்திருக்கிறது என்று ஆசிரிய வழிகாட்டியைப் படிக்கும்போதெல்லாம் நினைப்பேன். 2026இலிருந்து தரம் 1இல் புதிய சீர்திருத்தம் தொடங்கும் என்று கல்வி அமைச்சு அறிவித்தபோதும், பேச்சு பெரும்பாலும் அதே திசையில்தான் இருந்தது: சுமையைக் குறை, செயலால் கற்கவிடு.

வகுப்பறைக்குள் நடப்பது வேறு. தரம் 3 பிள்ளையின் பையைத் திறந்து பாருங்கள். பாடப்புத்தகத்தோடு, தரம் 5இல் எழுதப்போகும் புலமைப்பரிசில் பரீட்சைக்கான பயிற்சிப் புத்தகமும் இருக்கும். சுவரில் ஒட்டியிருக்கும் நேரசூசியில் அந்த நேரத்துக்குச் சித்திரம் என்று போட்டிருக்கும், மேசையில் மாதிரி வினாத்தாள் கிடக்கும். தரம் 4இல் மாதாந்தப் பரீட்சை. தரம் 5 தொடங்கினால் முன்னோடிப் பரீட்சைக்கு மேல் முன்னோடிப் பரீட்சை. பாடசாலை விட்டதும் ரியூசன், சனி ஞாயிறும் ரியூசன். இல்ல விளையாட்டுப் போட்டி வரும்போது மட்டும் மைதானத்தில் இறக்குகிறோம், அதிலும் ஓடக்கூடிய பிள்ளைகளை. மற்றவர்கள் வெயிலில் நின்று கை தட்டுகிறார்கள். பரீட்சை முடிந்த கிழமையிலிருந்து தரம் 5 வகுப்பறை வெறிச்சோடிவிடும். வருகிற பிள்ளைகளுக்கும் என்ன செய்வதென்று தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஒரு தவணைக்கு நெருங்கிய காலம் அப்படியே வீணாகிறது.

புலமைப்பரிசில் பரீட்சைக்கு எதிராக நான் எழுதவில்லை. இலவசக் கல்வியும் மத்திய மகா வித்தியாலயங்களும் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் காலத்தில் வந்தபோது, கிராமத்து வறிய பிள்ளைக்கு அந்தக் கதவைத் திறக்கும் திறப்பாகவே இந்தப் பரீட்சையும் வந்தது. எங்கள் மாவட்டத்தில் வந்தாறுமூலையில் அப்படி ஒரு மத்திய கல்லூரி எழும்பியது. 1981இல் அந்த வளவில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரிதான் இன்று கிழக்குப் பல்கலைக்கழகமாக நிற்கிறது. கூலி வேலை செய்யும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு அந்த மாதாந்த உதவிப்பணம் இன்றும் பெரிய விஷயம். "டீச்சர், எங்களுக்கிட்ட வேற என்ன இருக்கு? இவள் பாஸ் பண்ணினாத்தான் டவுனுக்கு அனுப்பலாம்" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டால், அவள் சொல்வது பிழை என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு வினாத்தாள்களுக்கும் 200 புள்ளிகளுக்குமாக ஐந்து வருடப் பிள்ளைப் பருவத்தையும் கொடுக்க வேண்டியதில்லை என்று அந்தத் தாய்க்கு விளக்கிச் சொல்ல எனக்கு உங்கள் துணை வேண்டும். தனி ஒரு ஆசிரியை சொன்னால் "டீச்சர் படிப்பிக்காமல் விளையாட விடுறா" என்றுதான் ஊரில் பேச்சு வரும். வலயம் சொன்னால் கேட்பார்கள்.

இதில் அதிகம் இழப்பவர்கள் யார் என்பதையும் யோசித்துப் பாருங்கள். நகரத்தில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பின்னேரம் நடன வகுப்பு இருக்கிறது, கீபோர்ட் வகுப்பு இருக்கிறது, வீட்டில் கதைப் புத்தகம் இருக்கிறது. பாடசாலை சித்திரப் பாடத்தைக் கைவிட்டாலும் அந்தப் பிள்ளை வர்ணப்பெட்டியைக் காணாமல் வளராது. வவுணதீவிலோ கரடியனாற்றிலோ வாகரையிலோ உள்ள பிள்ளைக்குப் பாடசாலை கொடுத்தால்தான் உண்டு. அந்தப் பிள்ளை தூரிகை பிடிக்கப்போகும் இடம் பாடசாலை ஒன்றுதான், மேடையில் ஏறி நாலு பேர் முன் வாய் திறக்கப்போகும் இடமும் அதுதான். "பின்தங்கிய பாடசாலை, முதலில் எழுத வாசிக்கத் தெரியட்டும், மற்றதெல்லாம் பிறகு" என்று நல்லெண்ணத்தோடு சொல்கிறவர்களிடம் நான் மிகவும் பணிவாக மறுத்துச் சொல்வது இதைத்தான். அந்தப் பிறகு வருவதில்லை.

எழுத வாசிக்கத் தெரிவதற்கும் இந்த விரிவு தேவை. 1988இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் இடைநிலை வகுப்பு மாணவர்களுக்குப் பேஸ்போல் ஆட்டம் பற்றிய ஒரு பந்தியை வாசிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் அந்த ஆட்டத்தை நன்கு அறிந்தவர்கள், வாசிப்பில் கெட்டிக்காரராக இருந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிடப் பந்தியை நன்றாக விளங்கிக்கொண்டார்கள். எந்த ஆசிரியைக்கும் இது புதினமாக இராது. என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். வாசிப்பு மூலைக்குப் போகச் சொன்னால் முகம் சுருங்கிவிடும். வாவி பற்றிய பாடத்தின்போது பிள்ளைகளே சொல்லச் சொல்ல, வீச்சுவலை, அத்தாங்கு, கரப்பு என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டு போனேன். மேலும் கீழும் திறந்த கூடையான கரப்பை வைத்து எப்படி மீன் பிடிப்பதென்று கேட்டதும் அவன் எழும்பி முன்னுக்கு வந்துவிட்டான். தண்ணீர் முழங்காலளவு இருக்க வேண்டும், கரப்பைச் சடக்கென்று குத்த வேண்டும், பிறகு மேல்வாயால் கையை விட்டுத் துழாவ வேண்டும் என்று குனிந்து நின்று செய்து காட்டினான். அதை அவன் வாயால் சொன்னபடியே நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளை அவன் வாசித்தான். இடையிடையே தடக்கினாலும் கடைசி வரி வரைக்கும் விடவில்லை. பயிற்சிப் புத்தகத்தில் இருந்த நூதனசாலைப் பந்தியில் இரண்டு வரிக்கு மேல் போகாத பிள்ளை அவன்.

அவனுக்கு நூதனசாலை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வேண்டும். கரப்பிலிருந்து தொடங்கி நூதனசாலை வரைக்கும் அவனைக் கூட்டிக்கொண்டு போக ஒரு பாதை போட வேண்டும். வருடத் திட்டம் அதற்குத்தான். நாங்கள் இப்போது வருடத் திட்டம் என்று எழுதுவது பெரும்பாலும் போன வருடத்தின் பிரதி, திகதி மட்டும் மாறியிருக்கும். மேற்பார்வைக்கு வருபவர் கையெழுத்து வைக்க அது போதுமாக இருக்கிறது.

எப்படித் திட்டமிடலாம் என்பதற்கு வாவியையே எடுத்துச் சொல்கிறேன். தரம் 1இல் பிள்ளை தண்ணீரைத் தொட்டு விளையாடட்டும், எது மிதக்கும் எது தாழும் என்று பார்க்கட்டும், மீன் கீறட்டும். தரம் 2இல் வாவியோரம் வாழும் பறவை, நண்டு, இறால். ஒரு காலை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும். தரம் 3இல் கண்டல் மரம் ஏன் சேற்றில் நிற்கிறது, அதன் வேருக்குள் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று கேட்கலாம். தரம் 4இல் வாவியில் வாழும் மனிதர்: தோணி, வலை, குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு ஆளையும் வாகனத்தையும் ஏற்றிப் போகும் 'பாதை' என்னும் மிதவை, அதன் பயணத்துக்கு எடுக்கும் நேரம், அதில் ஏறும் ஆட்களின் கணக்கு. தரம் 5இல் வெள்ளம் வந்தால் பாலமீன்மடுப் பக்கம் முகத்துவாரத்தை ஏன் வெட்டிவிடுகிறார்கள், வெட்டினால் உப்புத் தண்ணீருக்கும் மீனுக்கும் வயலுக்கும் என்ன நடக்கும், யார் வெட்டச் சொல்கிறார்கள், யார் வேண்டாம் என்கிறார்கள். இப்படி ஒரே இடத்துக்கு ஐந்து முறை வந்தாலும் ஒவ்வொரு முறையும் பிள்ளை இன்னும் ஆழமாக இறங்கும். இப்போதோ தரம் 2இல் செய்த அதே மீன் படத்துக்குத் தரம் 4இலும் நிறம் தீட்டுகிறது. முன் வகுப்பில் என்ன செய்தது என்று அடுத்த வகுப்பு ஆசிரியைக்குத் தெரியாததால் வரும் வினை இது. வருடத் தொடக்கத்தில் ஐந்து தர ஆசிரியர்களும் ஒரு மேசையில் இருந்து பேச அரை நாள் ஒதுக்கிக் கொடுத்தால் இதில் பாதி சரியாகும்.

ஒரு எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். ஒரு தலைப்புக்குள் எல்லாப் பாடத்தையும் வலிந்து திணிப்பது சமநிலை ஆகாது. வாவி என்ற தலைப்பு என்பதற்காகப் பின்னக் கணக்கு முழுவதையும் மீனை வெட்டியே செய்ய வேண்டியதில்லை. கணிதத்துக்கும் வாசிப்புக்கும் தனி ஒழுங்கு உண்டு, ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்ட வேண்டும், நாளாந்தம் நேரம் கொடுக்க வேண்டும். அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதேநேரம் ஒவ்வொரு நாளும் எல்லாப் பாடமும் கொஞ்சம் கொஞ்சம் என்று கணக்குப் பார்ப்பதும் வேண்டாம். சித்திரத்துக்கு அரை மணித்தியாலம் கொடுத்தால் வர்ணத்தைக் கரைத்து முடியும்போது மணி அடித்துவிடும். கிழமைக்கு ஒருமுறை தொடர்ந்து ஒன்றரை மணித்தியாலம் கொடுங்கள், பிள்ளை ஒன்றைச் செய்து முடிக்கட்டும். சமநிலையைத் தவணையில் பாருங்கள்.

எங்கள் பருவத்துக்கும் திட்டத்தில் இடம் வேண்டும். நொவெம்பர், டிசெம்பர், ஜனவரியில் வாடைக்காற்று மழை எங்களைச் சும்மா விடாது. பாதை மூடும், பாடசாலை தங்குமிடமாகும், பிள்ளைகள் வரமாட்டார்கள். மூன்று தவணையும் ஒரே மாதிரி நாள்கள் இருக்கும் என்று எண்ணி எழுதிய திட்டம் ஒவ்வொரு வருடமும் இங்கே பிசகுகிறது, கடைசியில் அழகியலும் உடற்பயிற்சியும்தான் வெட்டுப்படுகின்றன. மழையும் வெள்ளமும் பற்றிய அலகை மழைக்காலத்துக்கே வையுங்கள். ஒரு ரின்னையும் அடிமட்டத்தையும் வைத்து மழையை அளக்கலாம், 1978 நொவெம்பர் 23 சூறாவளியை அம்மம்மாவிடம் கேட்டு எழுதிவரச் சொல்லலாம். வேளாண்மை வெட்டும் காலத்தில் பிள்ளைகளை வயல்வட்டைக்குக் கூட்டிப்போனால் நெல் அளக்கும் மரைக்காலும் அவணமும் கணிதப் பாடமாகும், சூடு மிதித்த காலத்துப் பொலிப்பாட்டு தமிழ்ப் பாடமாகும்.

அழகியல் என்றதும் ஆசிரியர் இல்லை என்ற பதில்தான் முதலில் வரும். உண்மைதான், சிறிய பாடசாலைகளில் இல்லை. ஆனால் ஊரில் ஆள் இல்லையா? கன்னங்குடா போன்ற ஊர்களில் கூத்துப் பழக்கும் அண்ணாவிமார் இன்னும் இருக்கிறார்கள். பேராசிரியர் மௌனகுரு போன்றவர்கள் வடமோடி, தென்மோடி என்ற இரு கூத்து வகைகளையும் ஆராய்ந்து பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுபோய்விட்டார்கள். கல்லடியில் சுவாமி விபுலானந்தரின் பெயரிலேயே அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அந்தக் கலை பிறந்த ஊரின் ஆரம்பப் பாடசாலைக்குள் மட்டும் அது நுழையவில்லை. வசந்தன் ஆட்டம் சின்னப் பிள்ளைகளுக்கென்றே அமைந்தது போன்றது. கையில் இரண்டு கோல், வட்டமாக நிற்க வேண்டும், தனக்கு அடுத்தவன் கோலில் சரியான தாளத்தில் அடிக்க வேண்டும். ஒருவன் பிசகினால் வட்டம் முழுதும் பிசகும், அதனால் கெட்டிக்காரன் மெல்லக் கற்பவனுக்குக் காத்திருக்கிறான். முஸ்லிம் ஊர்களில் களிகம்பு என்ற கோலாட்டம் இருக்கிறது. காத்தான்குடிப் பிள்ளையும் ஆரையம்பதிப் பிள்ளையும் பக்கத்துப் பக்கத்து ஊரில் வளர்ந்தும் ஒருவரை ஒருவர் அறியாமல் பெரியவர்களாகிறார்கள். தவணைக்கு ஒரு காலையில் ஒருவர் கோலாட்டத்தை மற்றவர் பார்த்துப் பழகட்டும். அண்ணாவியாரையும் களிகம்புக் கலைஞரையும் வளவாளராக அழைக்கவும் அவர்களுக்குப் போக்குவரத்துச் செலவாவது கொடுக்கவும் அதிபருக்கு எழுத்தில் அனுமதி தாருங்கள். ஒரு கோட்டத்துக்குள் அருகருகே உள்ள மூன்று நான்கு சிறிய பாடசாலைகளுக்கு ஒரு சங்கீத ஆசிரியரைக் கிழமையில் ஒவ்வொரு நாளாகப் பகிர்ந்து விடவும் முடியும்.

நீச்சலைப் பற்றியும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கிழக்கே கடல், நடுவே வாவி, மேற்கே குளங்கள். 2004 டிசெம்பரைப் பார்த்த மாவட்டம் இது. குளத்தில் பிள்ளை மூழ்கிய செய்தியை எத்தனை முறை வாசித்துவிட்டோம்! இருந்தும் எங்கள் ஆரம்பப் பாடசாலைகளில் தண்ணீரில் மிதக்கப் பழக்கும் ஏற்பாடு கிடையாது. மாவட்டத்தில் எங்கே பாதுகாப்பான ஆழமற்ற இடம் இருக்கிறது, யார் பயிற்றுவிக்கலாம் என்று விளையாட்டுத் திணைக்களத்தோடு ஒருமுறை பேசுங்கள்.

பரீட்சை கலைத்திட்டத்தை விழுங்குவது எங்கள் ஊரில் மட்டும் நடப்பதல்ல. இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டம், பாடசாலைக் கலைத்திட்டம் சமநிலையோடும் பரந்த அடிப்படையோடும் இருக்க வேண்டும், பிள்ளையின் ஆன்மிக, ஒழுக்க, பண்பாட்டு, மன, உடல் வளர்ச்சிக்கு அது உதவ வேண்டும் என்று எழுதியே வைத்தது. சட்டம் இருந்தும் ஆங்கிலம், கணிதப் பரீட்சைகளின் நெருக்குதலில் மற்றப் பாடங்கள் அங்கும் சுருங்கின. 2019இல் பாடசாலைகளைப் பரிசோதிக்கும் முறையையே மாற்றினார்கள். பெறுபேற்றோடு நிற்காமல், பிள்ளைக்கு எதை, என்ன ஒழுங்கில் படிப்பிக்கிறீர்கள் என்றும் பரிசோதகர்கள் விரிவாகக் கேட்கத் தொடங்கினார்கள். அதிகாரி எதைக் கேட்கிறாரோ அதைத்தான் பாடசாலை செய்யும். இங்கும் அப்படித்தான்.

எனவே நீங்கள் கேட்கும் கேள்வியை மாற்றுங்கள். இப்போது மேற்பார்வைக் குழு வந்தால் முதலில் கேட்பது "வெட்டுப்புள்ளிக்கு மேல் எத்தனை பேர்?" என்பதுதான். அதோடு சேர்த்து, தரம் 4 பிள்ளைகள் இந்தத் தவணை செய்த சித்திரங்களைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்கள். முற்றத்தில் என்ன விளையாடத் தெரியும் என்று பாருங்கள். சிங்களத்தில் தன் பெயரும் ஊரும் சொல்லத் தெரியுமா என்று பிள்ளையிடம் கேளுங்கள். தரம் 3, 4இல் புலமைப்பரிசில் பாணியில் நடத்தும் மாதாந்தப் பரீட்சைகளையும் அந்தத் தரங்களில் பயிற்சிப் புத்தகம் வாங்கச் சொல்வதையும் வலயச் சுற்றறிக்கை மூலம் நிறுத்துங்கள். சித்தியடைந்த பிள்ளைகளின் படத்தைப் பெரிய பதாகையாக வாசலில் கட்டும் வழக்கத்தையும் கைவிடச் சொல்லுங்கள். அந்த வாசலால்தான் படம் வராத பத்து வயதுப் பிள்ளையும் தினமும் உள்ளே வருகிறது. பரீட்சை முடிந்தபின் வரும் கிழமைகளுக்குத் தரம் 5க்கென்று தனியே ஒரு திட்டம் தாருங்கள். கூத்துப் பழக, வயலுக்குப் போக, நூலகத்தில் இருக்க, அடுத்த பாடசாலைக்குத் தயாராக அது நல்ல காலம்.

காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்தர் விஞ்ஞானம் படித்தார், தமிழ்ப் பேராசிரியராக இருந்தார், பழந்தமிழரின் யாழைக் கணிதத்தாலும் பௌதிகத்தாலும் ஆராய்ந்தார். அவரைக் கல்லடியில் சிலையாக வைத்திருக்கிறோம், பேச்சுப் போட்டியில் பிள்ளைகள் அவரைப் பற்றி மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அவர் கற்ற விதமாக ஒரு பிள்ளை கற்பதற்கு எங்கள் நேரசூசியில் இடமிருக்கிறதா என்று பார்க்கும்படி உங்களைக் கேட்கிறேன்.

மூன்றாம் தவணை முடியும் முன் ஒவ்வொரு வலயத்திலும் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களை ஒரு நாள் கூப்பிடுங்கள். விரிவுரை வேண்டாம். ஒவ்வொருவரும் தன் வருடத் திட்டத்தோடு வரட்டும், அடுத்த தர ஆசிரியரோடு அதை ஒப்பிட்டுத் திருத்தட்டும், சேவைக்கால ஆலோசகர்கள் கூட இருந்து பார்க்கட்டும். தரம் 4க்கான என் திட்டத்தைப் பிரதி எடுத்துக் கொண்டுவருகிறேன். அதில் சங்கீதம் இன்னும் மெலிவாகத்தான் இருக்கிறது, அதற்கு யாராவது வழி சொன்னால் அன்றைக்கே எழுதிச் சேர்த்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஆரம்பப் பிரிவு ஆசிரியை ஒருவர்,
மட்டக்களப்பு மேற்கு.